பால் பாக்கெட் கட்டிய குச்சி

ஆடி மாதத்து விடியலில் நெடுங்குளத்தைப் பார்த்தால் எது தண்ணீர், எது வானம் என்று சொல்ல முடியாது. சாரல் ஓய்கிற கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக ஒரு புகை எழும்பிக் குளத்தை மூடிக்கொள்ளும். சுற்றி நிற்கும் மாடிக் கட்டடங்கள் எல்லாம் காலில்லாமல் மிதக்கும். அந்தப் புகைக்குள் ஒரு பரிசல் மெல்லச் சுற்றிக்கொண்டு போனால், அது குளத்தக்கா.

வீட்டில் வைத்த பெயர் பூங்கோதை. கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். ஆகாயத் தாமரை படர்ந்து குளத்தில் தண்ணீரே தெரியாமல் போய்விட்ட ஒரு வருடம், பழைய பரிசல் ஒன்றை வாங்கி வந்து, தனி ஆளாகச் செடியை இழுத்துக் கரையில் போட ஆரம்பித்தார். நகரத்தில் இருந்த அத்தனை பேரும் பைத்தியம் என்றார்கள். பிறகு அந்த அத்தனை பேரில் சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். இப்போது ஞாயிறு காலை என்றால் கரையில் ஒரு கூட்டம் உண்டு.

அந்தக் கூட்டத்தில் முதல் சீடர் மருதாசலம். அவரே அப்படிச் சொல்லிக்கொள்வார், அதனால் நாமும் சொல்லிவிடுவோம். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிய மனிதர் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை ‘அக்கா’ என்பார். அவர் பதிலுக்கு இவரை ‘அண்ணா’ என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும்.

ஒருநாள் ‘குருவே’ என்று கூப்பிட்டுப் பார்த்தார். அக்கா துடுப்பை ஓங்கிவிட்டார். அதோடு சரி.

ஆனால் மனுஷனுக்கு உடும்புப்பிடி. அக்கா துணிப்பை தூக்கினால், இவர் தன் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பா மொத்தத்தையும் வெளியேற்றிவிட்டார். அக்கா காய்கறித் தோலை மக்க வைத்தால், இவர் மொட்டை மாடி முழுக்கத் தொட்டி வைத்தார். ஏசியைக் கழற்றி விற்றார். குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. குப்பை வண்டி வந்து மணி அடித்தால், வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். கொடுக்க ஒன்றும் இல்லை என்பதில் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு.

தண்ணீர் பாட்டிலோடு வந்த சொந்தக்காரர்கள் பாட்டிலை கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் மைசூர்பாகு கொண்டு வந்த மச்சான், டப்பாவோடு திரும்பிப் போனார். அப்புறம் அவர் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை. தெருவில் மருதாசலத்தின் குடை தெரிந்தால் போதும், ‘சார் வர்றாரு’ என்று ஒரு குரல் முன்னால் ஓடும். கடைப் பைகள் முந்தானைக்குள் மறையும்.

குளத்திலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. பேக்கரி துரைசாமி.

“அக்கா, இவரு கடை டீக்கப்புத்தானுங்க குளம் பூராவும் மிதக்குது. இவரையே சேர்த்துக்கிட்டா எப்படிங்க?”

“அந்தக் கப்பு எந்த மூலையில போய் ஒதுங்கும்னு அவருக்குத்தானுங்கண்ணா நல்லாத் தெரியும்.”

துரைசாமி தலையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். மருதாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிறு எல்லோரும் கிளம்பிய பிறகு, மேற்கு ஓரத்தில் ஒரு திட்டு ஆகாயத் தாமரை மிச்சம் இருப்பது அவர் கண்ணில் பட்டது. போதாக்குறைக்கு அதன் நடுவே ஒரு மூங்கில் குச்சி, குச்சியின் தலையில் ஒரு பால் பாக்கெட் உறை படபடத்துக்கொண்டிருந்தது. “குளத்துக்குள்ளயே கொடி ஏத்தி வெச்சிருக்கான் பாரு, எந்தக் கூறுகெட்டவனோ!” என்று திட்டிக்கொண்டே பரிசலை எடுத்துப் போனார். குச்சியைப் பிடுங்கி எறிந்தார். கொக்கியைப் போட்டுத் திட்டை முழுக்க இழுத்து, கரையில் குவித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். பெருமை தாங்காமல் அக்காவுக்குப் போன் செய்தார்.

“மேற்கு ஓரம் இப்பக் கண்ணாடியாட்டம் இருக்குதுங்க அக்கா.”



“சரிங்கண்ணா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார் அக்கா.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மகள் சிந்துஜா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை. பெண் குழந்தை, நல்ல நிறைவான முகம். தாத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையில் டயப்பர் பொட்டலத்தைப் பார்க்கிற வரைக்கும்.

“இது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது, அம்மிணி. நூறு வருஷம் ஆனாலும் மக்காது. துணி கட்டு. உன்னையும் துணியிலதான் வளர்த்தோம்.”

“வளர்த்தோமா?” அடுக்களையிலிருந்து மனைவி தனபாக்கியத்தின் குரல் வந்தது. “துவைச்சது யாருங்க?”

மருதாசலத்துக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

துணி கட்டினார்கள். ஆடிச் சாரல் விடுவேனா என்றது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, பழைய வேட்டித் துண்டுகளைக் காயப் போட்டார்கள். ஒன்றும் காயவில்லை. அரைகுறை ஈரத்தைக் கட்டிக் கட்டிக் குழந்தையின் தொடையிடுக்கு சிவந்து, புண்ணாகி, ராத்திரியெல்லாம் வீறிட்டது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிந்துஜாவும் அழுதாள். கடைசியில் தனபாக்கியமே யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டலம் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாள்.

மருதாசலம் கண்டுபிடித்துவிட்டார். மனுஷனுக்கு அந்த விஷயத்தில் மட்டும் மூக்கு கூர்மை. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே மழையில் வைத்துவிட்டு வந்தார்.

சிந்துஜா கத்தவில்லை. சண்டை போடவில்லை. போனை எடுத்துப் புருஷனைக் கூப்பிட்டாள். “நாளைக்குக் காலையில வந்து எங்களைக் கூட்டிட்டுப் போங்க,” என்றாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

“இனி இந்த வீட்டுக்கு எம் புள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேனுங்கப்பா.”

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் மூன்று மாதம் முடியாமல் பிறந்த வீட்டை விட்டுப் போவதாவது! அதுவும் பச்சைப் பிள்ளையோடு, ஆடிக் காற்றில். தனபாக்கியம் அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மருதாசலத்துக்குள் எதுவோ அறுந்தது. ஆனாலும், நான் செய்ததில் தப்பு என்ன இருக்கிறது என்றுதான் விடிய விடியப் புரண்டார்.

காலையில் நேராகக் குளத்துக்குப் போனார். ஞாயிறு இல்லை, கரையில் ஆள் இல்லை. அக்கா மட்டும் பரிசலுக்குள் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒரு நியாயம் கேக்க வந்தேனுங்க.”

“கேளுங்க.”

எல்லாவற்றையும் கொட்டினார். டயப்பர், புண், பொட்டலம், மழை, மகள் சொன்ன சொல். ஒன்றையும் மறைக்கவில்லை, அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

“நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானுங்க நான் செஞ்சேன். தப்புங்களா?”

அக்கா இறைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “ஏறுங்கண்ணா,” என்றார்.

“பதினோரு மணிக்கு மாப்பிள்ளை காரு வந்துருமுங்க.”

“அதுக்குள்ள வந்துரலாம்.”

பரிசல் நகர்ந்தது. கொஞ்ச தூரத்துக்கெல்லாம் கரை எங்கே போனது என்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை. அம்மன் கோவில் ஒலிபெருக்கியும், எங்கோ போகிற ரயிலின் கூவலும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தன. அக்கா துடுப்பை ஓரிடத்தில் ஊன்ற, பரிசல் தானாக ஒரு சுற்று சுற்றியது. மருதாசலத்துக்கு மனசு லேசாகிவிட்டது. வீடு, மகள், கார் எல்லாம் யாரோ சொன்ன கதை மாதிரி ஆகி, இப்படியே சுற்றிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

புகை கொஞ்சம் விலகியது. தூரத்தில் அவருடைய வீட்டு மொட்டை மாடி தெரிந்தது. அதுவும் காலில்லாமல் மிதந்தது. சுத்தமாக, வெள்ளையாக, அதில் ஒரு ஆள்கூட இல்லாமல் இருந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் புகை மூடிவிட்டது.

பரிசல் ஒரு பச்சைத் திட்டின் அருகில் நின்றது. ஆகாயத் தாமரை. அதன் நடுவே ஒரு மூங்கில் குச்சி, குச்சியில் பால் பாக்கெட் உறை.

“இங்கயும் எவனோ நட்டிருக்கானுங்க பாருங்க!” மருதாசலம் எட்டிக் கையை நீட்டினார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நான்தானுங்க நட்டேன்.”

“நீங்களா? பிளாஸ்டிக்கையா?”

“துணிதான் கட்டிப் பார்த்தேன். சாரல்ல நனைஞ்சு சுருண்டுக்குது. பாக்கெட்டுன்னா தூரத்துல வாரவங்களுக்கும் மின்னும்.”

“மின்னி?”

அக்கா உதட்டில் விரலை வைத்து, கண்ணால் காட்டினார்.

குச்சிக்குப் பக்கத்தில், இலைகளின்மேல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. வெள்ளை இறக்கை, காபிக்கொட்டை நிறத்தில் உடம்பு, பிடரியில் தங்கம் பூசியது போல ஒரு மஞ்சள். நீண்ட வால் தண்ணீர்மேல் வளைந்து கிடந்தது. அது இவர்களைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

“இலைக்கோழி,” என்றார் அக்கா குரலைத் தாழ்த்தி. “அடைகாக்குது.”

மருதாசலம் குனிந்து பார்த்தார். பார்த்தது பறவையை அல்ல.

“அடியில தெர்மாகோல் கெடக்குதுங்க அக்கா.”

“கெடக்குது.”

“எடுத்துரலாங்களா?”

“எடுத்துரலாம். அதுமேலதான் முட்டை இருக்குது.”

நீட்டிய கையை மருதாசலம் மடியில் வைத்துக்கொண்டார்.

“குஞ்சு பொரிச்சு, எறங்கி நடக்கட்டும்,” என்றார் அக்கா. “அப்புறம் தெர்மாகோலையும் எடுப்பேன், திட்டையும் எடுப்பேன், குச்சியையும் எடுப்பேன்.”

சாரல் மறுபடி பிடித்தது. பறவை இறக்கையைக் கொஞ்சம் விரித்து, முட்டைகளை இன்னும் நன்றாக மூடிக்கொண்டது. மழை அதன் முதுகில் விழுந்து வழிந்தது.

“தாய்னா தாய்தானுங்க,” என்றார் மருதாசலம். “நம்மளப் பார்த்துக்கூட நகரலை பாருங்க.”

“அது தாய் இல்லீங்கண்ணா. தாய் முட்டைய இட்டுட்டுப் போயிரும். உக்காந்து நனையறது அப்பன்.”

மழையில் பரிசல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மருதாசலத்தின் பார்வை பறவையிலிருந்து குச்சிக்குப் போயிற்று, குச்சியிலிருந்து பறவைக்கு வந்தது.

“அக்கா.”

“ம்.”

“மேற்கு ஓரத்துலயும் ஒரு குச்சி இருந்துச்சுங்க.”

“ஆமாங்கண்ணா.”

“அங்க... அங்க என்னங்க இருந்துச்சு?”

“நாலு முட்டை.”

“அப்பன்?”

“ரெண்டு நாள் அந்த வெறுந் தண்ணிமேலயே சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. அப்புறம் காணோம்.”

மருதாசலம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வங்கியில் அவரைக் கண்டு நடுங்கியவர்கள் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அக்கா தேற்றவில்லை. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“கரைக்கு விடுங்க அக்கா,” என்றார் கடைசியில். “காரு வந்துரும்.”

மருந்துக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் பைக் கட்டை அவசரமாகக் காலுக்கடியில் தள்ளினார்.

“டயப்பர் ஒரு பொட்டலம் குடுங்க.”

“யாருக்குங்க சார்?”

“எனக்கில்லீங்க!”

கடைக்காரர் பயந்துபோய்க் கொடுத்தார். சாரல் வலுத்திருந்தது. மருதாசலம் பொட்டலத்தைக் குடைக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு, தான் பாதி நனைந்தபடி நடந்தார். ‘சார் வர்றாரு’ என்ற குரல் வழக்கம்போல முன்னால் ஓடியது. அடுத்த நொடி அந்தத் தெருவின் எல்லா ஜன்னலிலும் ஒரு தலை முளைத்தது. ஒருவருக்கும் வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை.

கார் வந்து நின்றிருந்தது. பெட்டிகள் டிக்கியில் ஏறிவிட்டன. சிந்துஜா கூடத்தில், காயாத துணிகளுக்கு நடுவே, குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு நின்றாள். மருதாசலம் பொட்டலத்தை நாற்காலியில் வைத்தார். நின்றார்.

“அம்மிணி, மழை விடட்டும். விட்டப்புறம் துணி கட்டிக்கலாம்.”

“விடலைன்னா?”

“விடுற வரைக்கும் இதையே கட்டு.”

சிந்துஜா பொட்டலத்தைப் பார்த்தாள். அப்பாவின் நனைந்த தோளைப் பார்த்தாள்.

“இதெல்லாம் மக்காதுங்கப்பா,” என்றாள். அவளுக்குக் குரல் உடைந்தது.

“மக்காதுதான்.” அவர் தரையைப் பார்த்தார். “நீ போகாத, சாமி. துணியை இனி நான் துவைக்கறேன்.”

“இதைய அப்படியே எழுதி வாங்கிக்கோ, சிந்து,” என்றாள் தனபாக்கியம். சொல்லிவிட்டு யாரையும் கேட்காமல் வெளியே போய் டிக்கியைத் திறந்து பெட்டியை இறக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை பாவம், நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, வந்த காரில் தனியாகத் திரும்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. கரையில் எல்லோரும் வேலையில் இறங்கிவிட்டார்கள். மருதாசலம் மட்டும் படியில் தள்ளி நின்றார். சோப்பில் ஊறி ஊறி அவர் விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. அக்கா பரிசலைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்.

“வீட்டுல எப்படி இருக்காங்க?”

“புண்ணு ஆறிருச்சுங்க. பகல்ல துணி, ராத்திரிக்கு அது. குப்பை வண்டிக்குத் தினமும் ஒரு பை போகுதுங்க.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவருக்கு இன்னும் வலித்தது.

“ஏறுங்க.”

அவர் ஏறவில்லை.

“அக்கா, நாலு முட்டைங்க. எனக்குத் தூக்கமே இல்லை. தெரிஞ்சும் நீங்க ஒரு வார்த்தை கேக்கலை. நீ இனிமே இந்தப் பக்கம் வராதேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே.”

தண்ணீருக்குள் துரைசாமி தன் கடைக் கப்புகளை வலையில் அள்ளிக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார், கரையில் குனிந்து நின்ற மற்றவர்களைப் பார்த்தார், பிறகு துடுப்பை எடுத்து மருதாசலத்திடம் நீட்டினார்.

“சொல்லியிருக்கலாமுங்கண்ணா. அப்படி ஒவ்வொருத்தரையா வராதீங்கன்னு சொல்லியிருந்தா, இன்னைக்கு நானும் சுத்தமான ஒரு குளமும் மட்டும்தான் இங்க இருந்திருப்போம்.”